திருதராட்டிரன் மேல் என்ன குற்றம்?



எங்கள் ஊர் நிழல்தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில் ஓர் இரவு. துவாபர யுகம் வாசித்து முடிந்திருந்தது. பிள்ளைகள் அன்னதர்மத்துக்கு வரிசை பிடிக்க ஓடிவிட்டார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் பாயை விட்டு எழும்பவில்லை. ஏட்டுக்குப் பொருள் சொல்லும் பணிவிடை அன்று என்னுடையது. ஏட்டை மூடி வைத்துவிட்டுத் திரும்பியபோது என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"தம்பி, குறோணியை வெட்டின துண்டந்தானே துரியோதனனும் தம்பிமாருமா நூறாப் பிறந்துது? அது அப்படித்தான் பிறக்கும், அப்படித்தான் அழியும்னு முன்னமே ஆயிப்போச்சு. பொறவு திருதராட்டிரன் மேல என்ன குத்தம்? தகப்பன் என்ன செய்வான்?"

"எல்லாம் நாராயணர் கணக்கு அண்ணாச்சி, சாப்பிட வாங்க" என்று சொல்லி அவரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். வந்தார். இரண்டு வாய் உண்டார். இலையை மடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று உறக்கம் வரவில்லை. அவர் யாருடைய தகப்பன் என்பது எனக்குத் தெரியும். அவர் எந்தத் தகப்பனைப் பற்றிக் கேட்டார் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் சோற்றைக் காட்டி அவரை வாயடைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும் அவர் வீட்டுக் கதையையும் எழுதுகிறேன்.

அண்ணனும் தம்பியும். ஒரு தகப்பன் சொத்து இரண்டாகப் பிரிந்தது. நடுவில் மூன்றடி வழித்தடம். அது யார் பங்கில் சேரும் என்பதில் தொடங்கியது. அளந்தார்கள், கல் நட்டார்கள், நட்ட கல்லைப் பிடுங்கினார்கள், வழக்குப் போட்டார்கள். பதினான்கு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு மறு வீடு போகவில்லை. தாய் இறந்தபோதுகூட அண்ணன் தெற்கே, தம்பி வடக்கே என்று துஷ்டிக்கு வந்தவர்கள் இரண்டு பந்தலில் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு சாயங்காலம், தென்னையிலிருந்து வெட்டிப் போட்ட மட்டை வழித்தடத்தில் கிடந்ததற்காக அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் வாக்குவாதம் ஆனது. இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. மட்டை வெட்டிய வெட்டுகத்தி பக்கத்திலேயே கிடந்தது. அவ்வளவுதான். ஒரு பிள்ளை மண்ணுக்குள். இன்னொரு பிள்ளை சிறைக்குள். சிறைக்குள் இருக்கும் பிள்ளையின் தகப்பன்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்.

இனி கேள்விக்கு வருவோம். பாரதக் கதையில் வியாசர் விரித்துச் சொல்வதையே எடுத்துக்கொள்கிறேன்.

பிறப்பு முன்னமே தீர்ந்துவிட்டது, ஆகவே வளர்த்தவன்மேல் பழி இல்லை என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. நம் அகிலத்திரட்டு அம்மானை சொல்லும் யுக வரலாறும் அதற்கு இடம் தருவதுபோலவே தோன்றும். நீடிய யுகத்தில் குறோணியை நாராயணர் ஆறு துண்டமாக்கினார். துண்டங்கள் யுகந்தோறும் பிறந்து பிறந்து அழிந்தன. துவாபரத்தில் ஒரு துண்டம் நூறாகப் பிறந்தது. ஆனால் இந்த வரலாற்றிலேயே ஒரு வித்தியாசம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கலியன் தாய் வயிற்றில் பிறக்கவில்லை, பூமியிலிருந்து வந்தான். அவனுக்குத் தொட்டில் கட்டிய தாய் இல்லை, தோளில் தூக்கிய தகப்பன் இல்லை. துரியோதனனுக்கு எல்லாம் இருந்தது. தாய், தகப்பன், பாட்டனார், சித்தப்பன், ஆசான், கூட விளையாட நூற்றைந்து பேர் நிறைந்த வீடு. அழியப் பிறந்ததாகவே இருந்தாலும் அத்தனை பேர் கையில் அவனை ஒப்படைத்துத்தானே அனுப்பினார்? ஒப்படைத்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டாமா?

போருக்கு முன்னே மாயோன் தூது போனார். பாதி நாடு கேட்டார். பஞ்சவருக்கு ஐந்து ஊராவது போதும் என்று இறங்கியும் கேட்கப்பட்டது. எல்லாம் முன்னமே முடிந்த காரியம் என்றால் பகவான் ஏன் தேர் பூட்டிக்கொண்டு அத்தினாபுரம்வரை போக வேண்டும்? கணக்குத் தீர்ந்த இடத்துக்கு யாரும் தூது போவதில்லை. இறுதி நாள் வரைக்கும் மனம் திரும்ப வழி திறந்தே கிடந்தது என்பதற்கு அந்தத் தூதைவிட எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்த வழியில் மகனை நடக்கவைக்க வேண்டியவர்களில் முதல் ஆள் தகப்பன்.

திருதராட்டிரன் கெட்டவனா? படித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. தம்பி மக்கள்மேல் அன்பு இல்லாதவன் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவனுக்குள் ஒரு பழைய புண் இருந்தது. மூத்தவன் அவன். கண் இல்லை என்பதால் முடி தம்பி பாண்டுவுக்குப் போயிற்று. பாண்டு காட்டுக்குப் போய் இறந்த பிறகு இவன் ஆண்டாலும், அது தம்பி விட்டுப்போன இடம் என்ற எண்ணம் உள்ளே கிடந்து அரித்தது. காந்தாரிக்கும் அப்படித்தான். இரண்டு வருடமாகக் கருவைச் சுமந்துகொண்டிருந்தவள், குந்திக்கு முதலில் மகன் பிறந்துவிட்டான் என்று கேட்டதும் தன் வயிற்றைத் தானே அடித்துக்கொண்டாள் என்கிறது பாரதம். பிள்ளை பிறக்கும் முன்னே அந்த வீட்டில் பகை பிறந்துவிட்டது.

அந்தப் பிள்ளை வளர்ந்து வாலிபனாகித் தகப்பனிடம் வந்து பேசும் ஓர் இடம் இருக்கிறது. எனக்கு பாரதத்திலேயே மிகவும் பயம் தரும் இடம் அதுதான், குருக்ஷேத்திரம்கூட அல்ல. பஞ்சவரை வாரணாவதத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று துரியோதனன் கேட்கிறான். கண் இல்லாததால் உமக்கு வரவேண்டிய அரசு போயிற்று, இனி அவர்கள் மகன், அவன் மகன் என்று போனால் நம் வம்சம் அடுத்தவர் சோற்றுக்குக் கைநீட்டி நிற்கும் என்கிறான். தகப்பன் திடுக்கிடவில்லை, அதட்டவும் இல்லை. இதே எண்ணம் என் மனத்திலும் உண்டு, பாவமான எண்ணம் என்பதால் வெளியே சொல்லாமல் இருந்தேன் என்கிறான். அரக்கு மாளிகை அங்கே கட்டப்பட்டுவிட்டது. மெழுகையும் அரக்கையும் பிறகு யாரோ கொண்டுபோய்ப் பூசினார்கள்.

மக்களே, மகன் பேசியது தகப்பன் பேசாமல் வைத்திருந்த பேச்சு. அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஒருவரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெருமூச்சில் கேட்டிருப்பான். தம்பி வீட்டுப் பேர் எடுத்தால் தகப்பன் முகம் மாறுவதில் பார்த்திருப்பான். பிள்ளைகள் நாம் சொல்லுவதைக் கேட்பதைவிட நாம் விழுங்குவதை அதிகம் கேட்கிறார்கள்.

சூதாட்டத்தன்று இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. சபையில் அமர்ந்திருக்கிற அரசன், பெரியவன், வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் ஆட்டம் நின்றுவிடும். அவனோ, வென்றாயிற்றா, வென்றாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை அவனால் மறைக்க முடியவில்லை. பந்தயமாக வைக்கப்பட்டவள் தன் தம்பி வீட்டு மருமகள் என்பது அப்போது அவனுக்கு மறந்துவிட்டது. திரௌபதி சபையில் அழுத பிறகுதான் பயந்துபோய் வரம் தருகிறேன் என்றான். தோற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, மகன் முகம் வாடியதும் மறு ஆட்டத்துக்குச் சம்மதித்தான். அப்போது காந்தாரி தடுத்தாள், இந்த மகனைக் கைவிடுங்கள் என்றே சொன்னாள். அவன் கேட்கவில்லை.

காந்தாரியைப் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றில் அடித்துக்கொண்டவளும் அவள்தான். பிற்பாடு சபை நடுவே, இதற்கெல்லாம் காரணம் நீர்தான், அவன் குணம் தெரிந்தும் அவன் போக்கில் போனீர் என்று புருஷனை நேருக்கு நேர் சொன்னவளும் அவள்தான். வெற்றி பெற ஆசீர்வாதம் கேட்டு வந்த மகனிடம், தர்மம் எங்கேயோ அங்கேதான் வெற்றி என்றுதான் சொன்னாள். பெற்ற மகன் கேட்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லுவது எவ்வளவு கடினம் என்று தாய்மார்களுக்குத் தெரியும். முதலில் தவறியவர் பிறகு திருந்த முடியும் என்பதற்கு அவள் இருக்கிறாள். ஆனால் காலம் கடந்துவிட்டது.

போருக்கு முந்தைய ஓர் இரவில் திருதராட்டிரனுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. விதுரரைக் கூப்பிட்டனுப்பினான். பணிப்பெண் வயிற்றில் பிறந்தவர் என்று அரசுரிமை மறுக்கப்பட்டவர் விதுரர். அந்த வீட்டில் உண்மையை ஒளிக்காமல் சொன்னவரும் அவரே. (மாயோன் தூது வந்தபோது துரியோதனன் விருந்தைத் தள்ளிவிட்டு அவர் வீட்டில்தானே உண்டார்.) இரவு முழுக்க விதுரர் தர்மம் சொன்னார். கேட்டு முடித்த அரசன் என்ன சொன்னான் தெரியுமா? நீ சொல்வது எல்லாம் சரி, என் புத்தியும் அப்படியே போகிறது, துரியோதனனைக் கண்டதும் மாறிவிடுகிறது என்றான்.

நல்லது தெரியாமல் கெட்டவன் அல்ல அவன். தெரிந்தவன். மகன் முகம் வாடுவதைத் தாங்கமுடியாதவன். பாசம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டான். அந்த மகனுடைய ஆசைக்குள் தன்னுடைய பழைய ஆசையும் உட்கார்ந்திருந்ததை அவன் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை. இது கண்ணில் இருந்த குருடு அல்ல.

இப்போது எதிர்க்கேள்வி ஒன்று வரும். வரவும் வேண்டும். தகப்பன் மனத்திலிருந்துதான் மகனுக்கு விஷம் ஏறியது என்றால், அதே வீட்டில், அதே தகப்பனுக்குப் பிறந்த விகருணனுக்கு ஏன் ஏறவில்லை? நூற்றுவரில் அவனும் ஒருவன். பீஷ்மரும் துரோணரும் தடுக்காத சபையில், திரௌபதியைப் பணயம் வைத்தது செல்லாது என்று தம்பிமாரில் எழுந்து சொன்னவன் அவன் ஒருவனே. திருதராட்டிரனுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த யுயுத்து, போர் தொடங்கும் நேரத்தில் தருமர் அழைத்தபோது அந்தப் பக்கம் போய் நின்று உயிர் தப்பினான். ஆகவே வீடு ஒன்றே மனிதனைச் செய்துவிடுவதில்லை. துரியோதனன் குழந்தை அல்ல. விதுரர் சொன்னதைக் கேட்டான், தாய் சொன்னதைக் கேட்டான், மாயோனே வந்து சொன்னதையும் கேட்டான். ஊசிமுனை நிலமும் இல்லை என்றது அவன் வாய்தான். அந்தப் பாவம் அவனுடையது. அதில் ஒரு துளியைக்கூடத் தகப்பன் தலைக்கு மாற்றிவிட முடியாது.

எங்கள் பெரியவர் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். அவர் மகன் செய்ததை அவர் மகன்தான் செய்தான்.

ஆனால் விகருணன் கதை அதோடு முடியவில்லை. அன்று சபையில் எழுந்து நின்ற மகனுக்குத் தகப்பன் ஆதரவாக ஒரு சொல் சொல்லவில்லை. கர்ணன் அவனைச் சிறுவன் என்று அதட்டி உட்காரவைத்தபோதும் சொல்லவில்லை. போர் வந்தபோது விகருணன் அண்ணனை விட்டுப் போகவில்லை. நூற்றுவரையும் கொல்வதாகச் சபதம் செய்திருந்த வீமன் கையால் மாண்டான். கொன்ற வீமனே அவனுக்காக வருந்திப் பேசினான் என்கிறது பாரதம். துரியோதனன் செத்ததற்கு அவனே காரணம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். விகருணன் செத்ததற்கு யார் காரணம்? அவன் ஆசைப்பட்டானா? அவன் அரக்கு மாளிகை கட்டினானா? திருதராட்டிரன் மேல் என்ன குற்றம் என்று கேட்டால், துரியோதனனைக் காட்டி நான் பதில் சொல்லமாட்டேன். விகருணனைக் காட்டுவேன். பகையை வீட்டில் வைத்து வளர்க்கிறவர்கள் கெட்ட பிள்ளைக்காகத்தான் கணக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறார்கள். நல்ல பிள்ளைக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. வெட்டுகத்தி எடுத்தவனுக்கும், வெட்டுப்பட்டவனுக்கும், இனி அந்த இரண்டு வீட்டிலும் கல்யாணம் ஆகாமல் நிற்கும் பெண்பிள்ளைகளுக்கும்.

பழியை அரிசிபோல் நினைக்கிறோம். ஒருவர் ஒரு படி எடுத்துக்கொண்டால் மற்றவருக்குக் குறையும் என்று எண்ணுகிறோம். அப்படி இல்லை. மகன் பழி மகனிடம் முழுதாக இருக்கிறது. தகப்பன் பழி தகப்பனிடம் முழுதாக இருக்கிறது. ஒன்று மற்றொன்றைக் குறைப்பதில்லை.

திருதராட்டிரனாவது பேசாமல் வளர்த்தான். துருபதன் பேசியே வளர்த்தான். துரோணரும் அவனும் ஒரே ஆசிரமத்தில் படித்த தோழர்கள். துரோணர் ஏழை. அவர் மகன் அசுவத்தாமன் பால் கேட்டு அழுதபோது மற்றப் பிள்ளைகள் மாவைக் கரைத்துப் பால் என்று கொடுத்து ஏமாற்றினார்களாம். அந்த வேதனையோடு பழைய தோழனைத் தேடிப் போனார். அரசனான துருபதன், அரசனுக்கும் ஆண்டிக்கும் என்ன தோழமை என்று அவமதித்துவிட்டான். துரோணர் அந்த வடுவை மறக்காமல், தம் சீடர்களைக் கொண்டு அவனைக் கட்டி இழுத்துவரச் செய்து பாதி நாட்டைப் பறித்தார். துருபதன் அதை மறக்காமல், துரோணரைக் கொல்லவென்றே ஒரு மகன் வேண்டும் என்று வேள்வி செய்தான். நெருப்பிலிருந்து கவசமும் ஆயுதமுமாக வந்தான் திட்டத்துய்மன். அவனோடு திரௌபதியும் வந்தாள்.

ஒரு பிள்ளை வரம் கேட்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பதியில் பார்த்திருக்கிறோம். ஆயுசு கேட்பார்கள், அறிவு கேட்பார்கள். பகை தீர்க்க ஒரு பிள்ளை தா என்று கேட்டவனை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை என்ன ஆவதென்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. திட்டத்துய்மன் சொன்னபடியே துரோணரைக் கொன்றான். ஆயுதத்தைக் கீழே வைத்துக் கண்மூடி இருந்த கிழவரைக் கொன்றான். அந்தக் கோபத்தில் அசுவத்தாமன், மாவு கரைத்த தண்ணீரைப் பால் என்று குடித்த அதே பிள்ளை, இரவில் பாசறைக்குள் புகுந்து திட்டத்துய்மனை மிதித்தே கொன்றான். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் அந்த இரவிலேயே கொன்றான். அந்த ஐவரும் துருபதனுடைய பேரப்பிள்ளைகள். வேள்வியில் அவன் கேட்டது மகன் ஒருவனை. கொடுத்தது மகனையும் ஐந்து பேரன்மாரையும். அதன் பிறகும் அசுவத்தாமன் நிற்கவில்லை. உத்தரை வயிற்றிலிருந்த கருவின்மேல் அஸ்திரம் ஏவினான். இரண்டு தோழர்கள் ஒருநாள் அரண்மனை வாசலில் பேசிக்கொண்ட பேச்சு, இன்னும் பிறக்காத பிள்ளையைத் தேடிக்கொண்டு போயிற்று. மாயோன் தடுத்து உயிர் கொடுத்ததால் பரீட்சித்து பிழைத்தான்.

நம் வீடுகளில் வேள்வி செய்வதில்லை. திண்ணை போதும். "உன் சித்தப்பன் நமக்குச் செய்ததை நீ மறந்தா நீ எனக்குப் பிறந்தவனே இல்லை" என்று சொல்லும் தகப்பன் எந்த ஊரில் இல்லை? அந்த வீட்டுப் பிள்ளையோடு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இருந்தால் அடி. அந்த வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டால் அடி. ஐந்து வயதுப் பிள்ளை பெரியப்பா வீட்டு வேலியைத் தாண்டும்போது நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அந்தத் திரும்பிப் பார்த்தலிலேயே எல்லாம் இருக்கிறது.

எங்கள் பெரியவர் என்னிடம் சத்தியமாகச் சொன்னார், "கை ஓங்குன்னு நான் ஒருநாளும் சொல்லல்ல." நான் நம்புகிறேன். திருதராட்டிரனும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் மக்களே. வழக்கு வாய்தா முடிந்து வந்து அவர் தம்பியைப் பற்றிப் பேசிய பேச்சுகளைக் காப்பி குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். ஆமா அண்ணாச்சி, விடக்கூடாது அண்ணாச்சி என்று சொல்லியிருக்கிறேன். அவர் மகன் அப்போது பன்னிரண்டு வயதுப் பையன், நடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பென்சில் நின்றுவிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏடு வாசித்து, நாமம் இட்டு, பொறுதி என்று ஊருக்குச் சொல்லுகிறவன் நான். பீஷ்மர் சபையில் வாய்மூடி இருந்தார் என்று பொருள் சொல்லும்போது என் குரல் உயரும். நான் வாய் மூடிக்கூட இருக்கவில்லை.

சிலர் கேட்பார்கள், அப்படியானால் அநியாயத்தை விழுங்கிக்கொண்டு இருக்க வேண்டுமா? வழித்தடம் என் பங்கு என்றால் விட்டுக்கொடுத்துவிட வேண்டுமா? அய்யா வழியில் வந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வேண்டியதில்லை. தலைப்பாகை கட்டக்கூடாது, இடுப்பில் தண்ணீர்க்குடம் வைக்கக்கூடாது, பெண்கள் மேல்துணி போடக்கூடாது என்று இருந்த காலத்தில், தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து வணங்கு என்றவர் அய்யா வைகுண்டர். எல்லோரும் ஒரு கிணற்றில் தண்ணீர் எடுக்கச் செய்தார். அது விட்டுக்கொடுத்தலா? இல்லை. அதே அய்யாவைத் திருவிதாங்கூர் அரசின் ஆட்கள் பிடித்துக்கட்டி நடத்திக்கொண்டு போனபோது, எதிர்த்து நிற்க முன்வந்த மக்களைத் தடுத்தார். பொறுத்திருங்கள் என்றார். சிங்காரத்தோப்புச் சிறையில் கிடந்தார். நமக்கு நடந்த எந்தப் பங்காளிச் சண்டையையும்விடப் பெரிய அநியாயம் அது. அதற்கு அவர் தம் மக்கள் கையில் ஆயுதம் கொடுக்கவில்லை. உரிமையைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தார். பகையைச் சொத்தாக எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. ஆகவே அளக்க வேண்டியதை அளக்கலாம், வழக்குப் போட வேண்டியதற்குப் போடலாம், ஊர்ப்பெரியவர்களைக் கூட்டலாம். அதெல்லாம் நம் தலைமுறைக் காரியம். வழக்குக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சோறு ஊட்டக்கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையில் எனக்குக் கடினமான பகுதி. இறந்த பிள்ளையைக் கொண்டுவர முடியாது. திருதராட்டிரனும் போர் முடிந்த பின் அழுதான். பஞ்சவர் வணங்க வந்தபோது வீமனைக் கட்டித் தழுவ அழைத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று மாயோனுக்குத் தெரியும். இரும்பால் செய்த வீமன் உருவத்தை முன்னே நிறுத்தினார். அதை மார்போடு நெரித்து நொறுக்கிவிட்டான் கிழவன். பதினெட்டு நாளில் நூறு மகன்களைக் கொடுத்த பிறகும் அந்தக் கையில் அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது. பிறகு கதறினான், வீமனைக் கொன்றுவிட்டேனே என்று. அந்தக் கதறல் பொய் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. பதினைந்து வருடம் தருமர் அவனைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். வீமன்தான் அவன் காதில் விழும்படி, உன் பிள்ளைகளைக் கொன்ற தோள் இதுதான் என்று குத்திப் பேசிக்கொண்டிருந்தான். வென்ற பக்கத்திலும் பகை சாகவில்லை பாருங்கள். அது தாங்காமல்தான் கிழவன் காட்டுக்குப் போனான். காட்டுத்தீயில் முடிந்தான்.

ஏடுவாசிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து நான் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மேலே எழுதியதில் பாதியைச் சொன்னேன். திண்ணையில் சொன்ன "ஆமா அண்ணாச்சி"க்கு மன்னிப்புக் கேட்டேன். விகருணன் பேச்சு வந்தபோது அவர் என்னை நிறுத்தினார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி மகன் சின்னதுல என் தோளுலதான் கிடப்பான். வழக்கு வந்த பொறவுதான் அவனும் முகம் பாக்காம ஆனான்" என்றார். செத்த பிள்ளையைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது. அதுவரைக்கும் அவருக்கு அழ ஒரு மகன்தான் இருந்தான்.

அவருக்கு மகள் வழியில் ஒரு பேரன். எட்டு வயது. பள்ளிக்கூடத்துக்கு அந்த வழித்தடத்தில் போனால் நூறடி. இவர்கள் சுற்றிக்கொண்டு மேலத்தெரு வழியாகத்தான் போவார்கள். ஏன் தாத்தா இந்த வழியாகப் போகக்கூடாது என்று பையன் கேட்டிருக்கிறான். முன்பு என்றால் பதினான்கு வருடக் கதையையும் சொல்லியிருப்பேன் என்றார். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "தாத்தா செய்த தப்பு மக்கா என்றேன். வேற ஒண்ணும் வாயில வரல்ல."

தம்பி மகன் இறந்த திதிக்கு, யாரிடமும் சொல்லாமல், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழித்தடத்திலேயே நடந்து தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாராம். நாமம் இட்டு, தலைப்பாகை கட்டி, பதிக்குப் போவதுபோலப் போனாராம். உள்ளே ஆள் சத்தம் கேட்டது. தம்பி வெளியே வரவில்லை. வெயில் ஏறும்வரை நின்றார்கள். பையனுக்குக் கால் வலித்தது, ஆனாலும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. கடைசியில் தம்பி பெண்சாதி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

பேரனுக்கு முதலில் கொடுத்தார். பிறகு அவர் குடித்தார். செம்பைக் கவிழ்த்து மதிலிலேயே வைத்துவிட்டு இருவரும் அதே வழியாகத் திரும்பி வந்தார்கள். வருகிற வருடமும் போவேன் என்கிறார்.

அய்யா உண்டு.